எனக்குக் கேட்காத வெட்டுக்கிளிகள்

மாரி முடிந்து புல் இடுப்பளவுக்கு வளர்ந்திருந்த ஒரு காலையில், வவுணதீவுக்கு அப்பால் உள்ள மேய்ச்சல் தரையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், என் முதுமாணி ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர், அவருடன் உதவிக்கு வந்த மாணவி ஒருத்தி. விரிவுரையாளர் திடீரென்று கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். கேட்கிறதா என்றார். மாணவி உடனே தலையாட்டினாள். இடப்பக்கம் என்றாள் அவள். இல்லை, இரண்டு இடத்தில் கேட்கிறது என்றார் இவர். எனக்குக் காற்றில் புல் உரசுவது கேட்டது. தூரத்தில் மாட்டுப் பட்டியின் மணி கேட்டது. வேறொன்றும் இல்லை.

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல, மிஸ்" என்றேன்.

எதைக் கேட்க வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை என்று அவர் நினைத்தார். பல்லுக்கிடையில் காற்றை விட்டு அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். பிறகு என் தோளைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனார். மாணவி குனிந்து ஒரு புல்தண்டைக் காட்டினாள். விரல் மூட்டளவு நீளத்தில், முதுகில் கபிலக் கோடு ஓடும் பச்சைப் பூச்சி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகள் மங்கலாகத் தெரியும் அளவுக்கு வேகமாக அதிர்ந்தன. என் முகத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. இறக்கை அதிர்வதைக் கண்டேன். சத்தம் இல்லை.

எங்கள் பக்கத்தில் புல்லிலிருந்து குதிக்கும் எல்லாவற்றுக்கும் வெட்டுக்கிளி என்றுதான் பெயர். ஆனால் அவற்றில் இரண்டு கூட்டம் உண்டு. உணர்கொம்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பவை ஒன்று. வயலில் நாம் அதிகம் காண்பவை அவைதான். உடம்பைவிட நீளமாக, மயிரிழை போன்ற உணர்கொம்பு உள்ளவை மற்றது. என் ஆய்வு இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது. இவற்றின் ஆண்கள் இறக்கையோடு இறக்கையை உரசிப் பெண்ணை அழைக்கும். இனத்துக்கு இனம் அழைப்பு வேறு. அந்த அழைப்பைக் கேட்டுப் போய்த்தான் ஆணைப் பிடிப்பார்கள். ஆணை வைத்துத்தான் பெயர் சொல்வார்கள். நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன்.

அடுத்த வாரம் காது பரிசோதிக்கப் போனேன். சின்ன அறையொன்றில் காதுக்கு மூடி போட்டு, சத்தம் கேட்கும்போது அழுத்தச் சொல்லி ஒரு பொத்தானைக் கையில் தந்தார்கள். முதலில் அடிக்கடி அழுத்தினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. கருவி நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரைப் பார்த்தேன். அவர் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். வைத்தியர் காட்டிய படத்தில் ஒரு கோடு சமமாகப் போய், ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுவது போல் விழுந்திருந்தது. பேச்சு கேட்கும், கூர்மையான மேல் சத்தங்கள் கேட்காது என்றார். சின்ன வயதில் பக்கத்தில் ஏதாவது வெடித்ததா என்று கேட்டார்.

வெடித்தது. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது பக்கத்து வளவுக்குள் ஷெல் விழுந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவிருக்கிறது. சில நாட்கள் காதுக்குள் இரைந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. வீட்டில் எல்லாரும் உயிரோடு இருந்தோம். அதற்குமேல் யாரும் எதையும் பரிசோதிக்கவில்லை. வைத்தியரின் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகள் வாய்க்குள் பேசுகிறார்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். வேலை முடிந்ததும் அது கீச்சிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது, கீச்சிடவில்லை. பழுதென்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் பழுது என்று முடிவு செய்தேன்.

விரிவுரையாளர் நல்லவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"வண்ணத்துப்பூச்சி எடுங்க. இந்த வெளியிலேயே எவ்வளவோ இருக்கு. அதுக்குக் காது தேவல்ல."

"நான் இதையே செய்யிறன், மிஸ்."

அது வீரம் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்திருந்தது. அவர்மேல் அல்ல. முப்பது வருடமாக என்னிடம் ஒன்று இல்லாமல் இருந்திருக்கிறது, இல்லை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிய வந்த அதே வாரத்தில் அதற்காக வேறொன்றையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. இன்னொரு காரணமும் இருந்தது. நான் படுவான்கரைப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தண்ணீர்ப் போத்தலுக்குள் இப்படி ஒன்றைப் பிடித்துவந்து பெயர் கேட்டாள். வெட்டுக்கிளி என்றேன். அது தனக்குத் தெரியும், இதன் பெயர் என்ன என்றாள். அந்தக் கேள்விக்காகத்தான் முப்பத்தெட்டு வயதில் வார இறுதிகளில் பஸ் ஏறி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனேன்.

விரிவுரையாளர் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். புல் காய்வதற்கு முன், உடம்பை மட்டும் வைத்துப் பெயர் சொல்லக்கூடிய ஆண் பூச்சிகளைக் கொண்டுவர வேண்டும். அவர் சரிபார்ப்பார். சரியென்றால் தொடரலாம், இல்லையென்றால் தலைப்பை மாற்ற வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த வெளிகளுக்குத் தனியாகப் போக முடியாது. யானை வரும் இடம். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் என்னோடு இருந்தது மாமி, அவருடைய அம்மா. எங்கள் பக்கத்தில் பெண்ணின் வீட்டில் பெண்ணின் தாய் இருப்பதுதான் வழக்கம். மாமா செத்த பிறகு மாமி பெரியகல்லாற்றிலிருந்து என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டோம். அவர் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். நான் கேட்டுவிட்டுத்தான் தொலைக்காட்சியை நிறுத்துவேன். இந்த வயதில் என்னத்துக்குப் படிப்பு என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

காது விடயத்தை அவரிடம் சொன்னபோது மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் வெட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"தனியப் போகாத, புள்ள. நானும் வாறன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

உண்மையிலேயே நல்ல காதுதான். முதல் நாள் பின்னேரம் ஸ்கூட்டியை வரம்போரம் விட்டுவிட்டுப் புல்லுக்குள் இறங்கியதும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். செருப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்காதாம். கொஞ்சத் தூரம் போய் நின்றார். தலையைச் சரித்தார். கையை நீட்டாமல் நாடியால் ஒரு பக்கத்தைக் காட்டினார். நான் அந்தப் பக்கம் ஊர்ந்து போனேன். இன்னும் இடப்பக்கம், இன்னும் கீழே என்று அவர் கண்ணாலேயே சொன்னார். கூம்பு போல் தலை நீண்ட ஒரு பூச்சி புல்லோடு புல்லாகச் சாய்ந்திருந்தது. நான் போத்தலை நீட்டவும் அது தலைகீழாகப் புல்லடிக்குள் பாய்ந்து மறைந்தது. அடுத்த பின்னேரமும் அப்படித்தான். அதன் பிறகு ஒரு நாள், மேலிருந்து பிடிக்காமல் கீழே ஒரு கையை ஏந்தி வைத்துக்கொண்டேன். அது வழக்கம் போலக் கீழே பாய்ந்து என் கைக்குள் விழுந்தது.

நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, பெயர் கண்டுபிடிக்கும் நூலில் ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துக்கொண்டு போனேன். நெற்றி கூம்பா, மழுங்கலா? முன்கால் முழங்காலுக்குக் கீழே செவித்துளை பிளவாக இருக்கிறதா, திறந்திருக்கிறதா? இந்தப் பூச்சிகளின் காது காலில்தான் இருக்கிறது. அதைச் சொன்னதும் மாமி கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, தன் முழங்காலை ஒரு தரம் தடவினார். பெயரைச் சொன்னேன். இலத்தீன் அவர் நாக்கில் நிற்கவில்லை. கூம்புத்தலையன் என்று வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் பெயர்.

அந்த மாதத்தில் இன்னும் இரண்டு பெரிய இனங்கள் கிடைத்தன. இரண்டையும் மாமிதான் கேட்டார். விரிவுரையாளர் சரிபார்த்துத் தலையசைத்தார். ஆனால் முதல் நாள் என் முகத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் இறக்கை அதிர்த்த அந்தச் சின்னப் பூச்சிதான் அந்தப் புல்வெளியில் அதிகம். அதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனம் இருக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதைப் பிரித்துப் பெயர் சொல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

மாமி வழக்கம் போல நின்றார், தலையைச் சரித்தார், நாடியால் காட்டினார். நான் போனேன். ஒன்றும் இல்லை. பறந்திருக்கும் என்றார். அடுத்த இடத்தைக் காட்டினார். அங்கேயும் இல்லை. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை விட்ட பின்னேரங்கள் என்று வாரக்கணக்கில் இப்படியே போயின. புல் என் முழங்கையைக் கீறிக்கீறித் தழும்பாக்கியிருந்தது. என் கண்ணில்தான் பிழை என்று நம்பினேன். காது போன மாதிரிக் கண்ணும் போகத் தொடங்கிவிட்டதா என்றுகூட ஒரு பயம் வந்தது.

சத்தத்தைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் போடும்படி விரிவுரையாளர் சொன்னார். சத்தம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயரத்தில் திரையில் கோடு விழும். அடுத்த சனிக்கிழமை அதையும் கொண்டுபோனேன். மாமி வலப்பக்கம் காட்டினார். தொலைபேசியை அந்தப் பக்கம் நீட்டினேன். திரை வெறுமையாக இருந்தது. மெல்லச் சுற்றித் திரும்பினேன். எங்களுக்கு நேர் பின்னால், திரையின் மேல் விளிம்பில், மழைத்தூறல் போலச் சின்னச் சின்னக் கோடுகள் விழத் தொடங்கின. கிட்டப் போகப் போக அவை தடித்தன. மாமி இன்னும் வலப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்திலும் அதே மாதிரி நடந்தது.

"மாமி, உங்களுக்கு உண்மையாக் கேக்குதா?"

அவர் புல்லைப் பார்த்தபடியே நின்றார்.

"பெரியவன் கேக்கும். இந்தச் சின்னவன் ஒரு நாளும் கேட்டதில்ல, புள்ள."

"மறுகா ஏன் காட்டினீங்க?"

"எனக்கும் கேக்கல்லையெண்டு சொன்னா நீ விட்டிருவாய் எண்டு நினைச்சன்."

நான் ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். போன வாரங்களை நினைக்க ஆத்திரமாக இருந்தது. புல்லின் நுனிகள் ஏற்கனவே மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஆனால் ஆத்திரப்பட்டுக்கொண்டு நிற்கும்போதே, அந்த வெயிலில் செருப்பைக் கையில் பிடித்தபடி, ஒன்றும் கேட்காத புல்லுக்கு முன்னால் காதைச் சரித்துக்கொண்டு நின்ற மனிசியின் உருவம் கண்ணில் வந்தது. வயது போகப் போக முதலில் போவது அந்தக் கூர்மையான சத்தங்கள்தான் என்று வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை மாமியிடம் சொல்ல நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. குசினிக்குப் போனேன். மாமி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தார், என்னைக் கேட்காமல்.

"நான் விடமாட்டன், மாமி" என்றேன்.

"அது இப்ப விளங்குது" என்றார்.

மறுநாளிலிருந்து காதை நம்புவதை இரண்டு பேருமே விட்டோம். தொலைபேசியின் திரை எங்கே சத்தம் இருக்கிறது என்று காட்டியது. ஆனால் கிட்டப் போனதும் பூச்சி சத்தத்தை நிறுத்திவிடும், திரையும் வெறுமையாகிவிடும். அதனால் கோடு விழுந்த இடத்தைச் சுற்றி வலை வீசத் தொடங்கினோம். மாமி நுளம்பு வலைத் துணியில் பை தைத்து, வீடு கூட்டும் தும்புத்தடியின் உடைந்த கம்பில் கட்டித் தந்தார். வெள்ளண, பனி காயும் முன் போனால் பூச்சிகள் விறைத்திருக்கும், பறக்காது என்பதைக் கண்டுகொண்டோம். புல்லின் தலையை இடமும் வலமும் வலையால் துடைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சிலந்தி, தும்பி, நாறல் பூச்சி, புல்விதை எல்லாம் வந்தன. நாங்கள் தேடியவையும் வந்தன. ஆனால் அநேகமாக எல்லாமே இறக்கை முளைக்காத குஞ்சுகள்.

குஞ்சை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. பெயர் சொல்ல உதவும் அடையாளம் ஆணின் வால் நுனியில் இருக்கும் இரண்டு சின்னக் கொம்புகளில் இருக்கிறது. இணையும்போது பெண்ணைப் பற்றிப் பிடிக்கும் கொம்புகள். ஒவ்வொரு கொம்பின் உட்பக்கத்திலும் ஒரு பல். அந்தப் பல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். கடைசித் தோலைக் கழற்றிப் பெரிதானால்தான் அது தெரியும். புல்லோ காய்ந்துகொண்டிருந்தது. பெரிதாகும் வரை வெளியில் காத்திருக்க நேரம் இல்லை. எனவே குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பாடு மூடும் வலைக்கூடைக்குள் புல்லை நட்டு அவற்றை விட்டேன். இரண்டு நாளில் ஒன்று தோல் கழற்றத் தொடங்கியது. உடம்பு மெத்தென்று வெள்ளையாக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தொலைபேசியை எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் பக்கத்தில் இருந்த இன்னொன்று அதை வயிற்றிலிருந்து தின்றுகொண்டிருந்தது. இவை புல்விதையும் தின்னும், பூச்சி முட்டையும் தின்னும், தங்களில் ஒன்றையும் தின்னும் என்று படித்திருந்தேன். படித்தது வேறு. அன்று நான் அழுதேன்.

மறுநாள் நான் பாடசாலைக்குப் போய் வருவதற்குள் மாமி எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் தனித்தனி ஐஸ்கிறீம் பெட்டிக்குள், வாய்க்கு வலைத்துணி கட்டி, தொங்கித் தோல் கழற்ற ஒரு ஈர்க்கு குத்தி வைத்தபடி. எறும்பு ஏறாமல் இருக்க மேசைக்கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தியிருந்தார். விருந்தினருக்கென்று நாங்கள் தொடாமல் வைத்திருந்த மேசை அது. கணவர் கட்டாரிலிருந்து அழைத்தபோது, வீட்டில் சாப்பிட மேசை இல்லை, பாயில்தான் என்று மாமி அவரிடம் முறைப்பாடு போலச் சொன்னார். குரலில் முறைப்பாடு இல்லை.

சில செத்தன. சில பெண்ணாக முடிந்தன. வாள் போன்ற முட்டையிடும் உறுப்பு நீண்டதும் தெரிந்துவிடும். ஒரு விடியற்காலை மாமி என் கட்டிலருகே வந்து நின்றார். என்னை எழுப்ப அவர் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் ஈர்க்கின் அடியில் வெறும் தோல் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஈர இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டு ஒரு ஆண்.

இரண்டு நாள் அது கடினமாகட்டும் என்று விட்டு, பிறகு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். கொம்பின் பல் நடுவில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. நுனிக்குக் கிட்ட இருந்தது. நூலில் போட்டிருந்த படத்தோடு பல முறை ஒப்பிட்டேன். புல்வெளியில் மாணவி முதல் நாள் பிடித்து, விரிவுரையாளரின் அறையில் ஊசியில் குத்தி வைத்திருந்த ஆணின் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் பல் நடுவில்தான். அதன் இறக்கையில் கபிலப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. என்னுடையதில் ஒன்றும் இல்லை. ஒரே புல்வெளியில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு இனங்கள். அடுத்த வாரம் இன்னொரு பெட்டியில் புள்ளி உள்ள ஆண் ஒன்றும் தோல் கழற்றியது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சந்தேகம் மிச்சம் இருக்கவில்லை.

விரிவுரையாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். முதலில் நான் பார்த்தது பிழை என்றார், பிறகு மறுபடி பார்த்தார், பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். தான் இதுவரை அந்தப் புல்வெளியில் ஒரே இனம் என்று நினைத்துக் கேட்ட சத்தங்களை இனித் திரும்பக் கேட்க வேண்டும் என்றார். வண்ணத்துப்பூச்சி பற்றி அதன் பிறகு பேச்சே வரவில்லை.

அடுத்த மாரியிலும் இதே முறையில்தான் வேலை செய்தோம். வாய்மொழிப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர், வெட்டுக்கிளி ஆய்வில் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு குறைந்த இடம் என்று கேட்டார். எனக்கு அந்தச் சத்தம் கேட்காது என்றேன். என்னோடு வந்தவருக்கும் சின்னவை கேட்காது. அதனால் ஒவ்வொரு பெயரும் உடம்பை வைத்துச் சொல்லப்பட்டது, சத்தம் படமாக மட்டும் பின்னிணைப்பில் இருக்கிறது என்றேன். பரீட்சகர் குறித்துக்கொண்டார். அதை ஆய்வின் முறை பற்றிய பகுதியிலேயே எழுதிச் சேர்க்கச் சொன்னார். வேறு சில திருத்தங்களும் சொன்னார். சித்தியடைந்தேன்.

திருத்தங்களில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. எங்கள் பூச்சிகளில் ஒரு பெண் எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. வாள் மற்றவற்றைவிட நீளம், முதுகுக் கோடு கறுப்பு. அதைக் கிட்டிய இனத்தோடு சேர்த்து எழுதிவிடலாம் என்றார்கள். ஆண் கிடைக்காமல் பெயர் சொல்ல மாட்டேன் என்று, இனம் அறியப்படவில்லை என்றே எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது புல் திரும்ப வளர்ந்துவிட்டது. அந்தப் பெண் பூச்சியை வாவிக் கரையோரம், கண்டல் மரங்களுக்கும் வயல் வட்டைக்கும் இடையில் உள்ள ஒரு ஒடுங்கிய புல்தரையில் பிடித்தோம். இந்தச் சனிக்கிழமை அங்கேதான் போகிறோம். மாமி பழைய வலையைப் பிரித்து, வாயை இன்னும் அகலமாக்கித் தைத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளண ஆறு மணிக்கே போக வேணும் என்று சொல்லிவிட்டார்.